அக்கரையில் இரண்டு, இக்கரையில் நாலு

வளசரவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அக்காவுக்குச் சொந்த ஊர் இலங்கையில் பருத்தித்துறைப் பக்கம். போன ஜூனில் ஒரு நாள் காலை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஒரு கட்டணச் சீட்டை நீட்டி, "இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். அவர் மகள் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தவள். எட்டாம் வகுப்பு வரை அவளுக்கான கட்டணத்தை அரசே பள்ளிக்குக் கொடுத்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள் என்றதும் முழுக் கட்டணமும் அப்பாவின் பெயரில் வந்து நின்றது. ஐந்து இலக்கத் தொகை.

அக்கா சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒன்பதாம் வகுப்புக்கே காசா? எங்கட ஊரில ஏ.எல். வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சதமும் கட்டேல்லையே தம்பி. அப்ப இலங்கை அரசாங்கம் இந்தியாவை விடக் கூடச் செலவழிக்குதோ?"

இல்லை. உலக வங்கியின் பட்டியலைப் பார்த்தால், 2022 நெருக்கடிக்கு முந்தைய ஆண்டுகளில் இலங்கை அரசு கல்விக்குச் செலவிட்டது ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், 2 சதவீதத்தை ஒட்டித்தான். தெற்காசியாவிலேயே அடிமட்டத்தில் இருக்கும் எண்களில் ஒன்று அது. இந்தியாவுக்கு அதே பட்டியல் காட்டுவது 4 சதவீதத்துக்கு மேல். பாதி செலவிடும் நாட்டில் பிள்ளை 13-ம் வகுப்பு வரை இலவசமாகப் படிக்கிறது. இரண்டு மடங்கு செலவிடும் நாட்டில் ஒன்பதாம் வகுப்பு வாசலில் சீட்டு நீட்டுகிறார்கள். இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் முதலில் இடறுவது பணத்தில் அல்ல, கணக்கு எழுதும் முறையில்.

'இடைநிலைக் கல்வி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இந்திய அரசின் பேச்சில் அது 9, 10. அதற்கு மேல் 11, 12 மேல்நிலை. யுனெஸ்கோவின் சர்வதேச வகைப்பாட்டில் இந்தியாவின் ஆறாம் வகுப்பே இடைநிலைக்குள் வந்துவிடுகிறது: 6 முதல் 8 கீழ் இடைநிலை, 9 முதல் 12 மேல் இடைநிலை. இலங்கைக்கு 6 முதல் 9 கீழ், 10 முதல் 13 மேல். அங்கே 11-ம் வகுப்பு முடிவில் க.பொ.த. சாதாரண தரம் என்கிற ஓ.எல்., 13-ம் வகுப்பு முடிவில் உயர்தரம் என்கிற ஏ.எல். என இரண்டு பொதுப் பரீட்சைகள். ஆக, டெல்லி வெளியிடும் 'செகண்டரி' எண்ணையும் கொழும்பு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் 2 வருடப் படிப்பையும் 8 வருடப் படிப்பையும் ஒப்பிட்ட கதையாகும்.

இந்தியாவுக்குள்ளேயே இது ஒரே மாதிரி இல்லை. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தது. அதற்கு முன்னால் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு கல்லூரியில் இருந்தது. அதே வயதுப் பிள்ளை, ஏறக்குறைய அதே பாடம். ஆனால் ஒரு வருடம் கல்லூரி வாத்தியார் நடத்தியவரை அது உயர்கல்விச் செலவு, பள்ளிக்குள் வந்த பிறகு பள்ளிச் செலவு. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இன்றைக்கும் அது 'இன்டர்', ஜூனியர் காலேஜில்தான் படிக்கிறார்கள்.

அடுத்தது, பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பது. தமிழ்நாடு பட்ஜெட்டில் பள்ளிக்கல்வித் துறைக்கு மானியக் கோரிக்கை எண் 43. 2024-25-ல் அதற்கு ஒதுக்கியது 44,042 கோடி ரூபாய், 2025-26-ல் 46,767 கோடி. இந்தப் புத்தகத்தை விரித்தால் 2202 என்ற பெருந்தலைப்பு: பொதுக்கல்வி. அதில் 01 தொடக்கக் கல்வி, 02 இடைநிலைக் கல்வி, 03 உயர்கல்வி. 02-க்குள் இறங்கினால் 109 அரசு இடைநிலைப் பள்ளிகள், 110 தனியார் பள்ளிகளுக்கு உதவி, அதாவது அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களின் சம்பளம். கட்டடத்துக்குத் தனியாக 4202. இவ்வளவையும் கூட்டினால் இடைநிலைக் கல்விச் செலவு கிடைத்துவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.

கிடைக்காது. ஏழாம் வகுப்பு ஒரு நடுநிலைப் பள்ளியில் நடந்தால் அந்த ஆசிரியரின் சம்பளம் 01-ல் விழும். அதே ஏழாம் வகுப்பு ஒரு மேல்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் நடந்தால் 02-ல் விழும். பதினொன்றாம் வகுப்பு மாணவிக்குக் கொடுக்கும் சைக்கிள் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் செலவு. அவள் காட்டும் பஸ் பாஸின் கட்டணத்தை அரசு போக்குவரத்துத் துறை வழியாக ஈடுகட்டுகிறது. 2011-ல் தொடங்கிய மடிக்கணினித் திட்டம் சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறையிடம் இருந்தது. சத்துணவு சமூக நலத் துறை. ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் பள்ளியே வேறு துறை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியரின் பென்ஷன் 2071 என்ற தலைப்பில், மற்ற எல்லா அரசு ஊழியர்களின் பென்ஷனோடு கலந்து கிடக்கும்.

சென்னையில் இன்னும் ஒரு அடுக்கு கூடுதல். மாநகராட்சி 400-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. நாம் கட்டும் சொத்து வரிச் சீட்டைக் கவனித்துப் பாருங்கள், அதற்குள்ளே கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கும். போதாததற்கு, பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் நிதி ஆதரவோடு நடக்கும் 'சிட்டிஸ்' திட்டத்தில் 28 மாநகராட்சிப் பள்ளிகள் சீரமைக்கப்பட்டன. ஸ்மார்ட் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாரிஸிலிருந்தும் கொஞ்சம் வருகிறது.

அக்கரையிலும் இதே கூத்துத்தான். 1987-ல் வந்த 13-வது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு இலங்கைப் பள்ளிகள் இரண்டாகப் பிரிந்தன. சில நூறு 'தேசிய பாடசாலைகள்' கொழும்பு அமைச்சின் கையில்; சுமார் 10,000 அரசுப் பள்ளிகளில் மீதியெல்லாம் மாகாண சபைகளின் கையில். கல்வி அமைச்சின் பட்ஜெட்டை மட்டும் எடுத்தால் மாகாண ஆசிரியர்களின் சம்பளம் பெருமளவு விட்டுப்போகும். பிரான்ஸ் இங்கே என்றால் அங்கே சீனா: நெருக்கடிக்குப் பிறகு பள்ளிச் சீருடைத் துணியின் பெரும்பகுதி சீன நன்கொடையாக வந்தது. அரசின் செலவுக் கணக்கில் அது குறைவாகத் தெரியும், பிள்ளையின் உடம்பில் குறையாமல் இருக்கும்.

இந்தத் தலைப்புச் சிக்கல்தான் இந்தியாவுக்கு ஒரே காலத்தில் இரண்டு எண்களைக் கொடுக்கிறது. மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை கல்விச் செலவை ஜிடிபியில் 3 சதவீதத்துக்கு உள்ளாகவே காட்டும்; 2022-23 அறிக்கையில் அது 2.9. மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் கல்விச் செலவு ஆய்வு, கல்வித் துறையோடு மற்றத் துறைகள் கல்விக்காகச் செய்யும் செலவையும் சேர்த்து 4 சதவீதத்தைத் தாண்டும். உலக அமைப்புகளின் பட்டியலில் போவது இந்தப் பெரிய எண்ணின் சாயல்தான். 1966-ல் இந்தியக் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி ஆணையம் 6 சதவீதம் என்றது. 1968, 1986, 2020 என மூன்று தேசியக் கொள்கைகளும் அதே ஆறை எழுதின. 3 சதவீதத்திலிருந்து ஆறுக்கு இன்னும் பாதி தூரம், 4.5 சதவீதத்திலிருந்து கால்வாசி தூரம். அரசியல் மேடையில் யாருக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, எண்களை ஓரளவு நம்பிக்கொள்வோம். ஜிடிபி சதவீதம் எத்தனை பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் அக்காவின் கேள்விக்கு உண்மையான வாசல்.

இலங்கையின் மக்கள்தொகை சுமார் 2.2 கோடி. அரசுப் பள்ளிகளில் சுமார் 40 லட்சம் பேர். பள்ளி செல்லும் பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அரசுப் பள்ளியில்தான். நூறு பேர் உள்ள ஊர் என்று வைத்தால் 18 பேர் அரசின் பொறுப்பு. இந்தியாவில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் பள்ளிப் புள்ளிவிவரத் தொகுப்பான யுடைஸின் 2023-24 கணக்குப்படி எல்லாப் பள்ளிகளிலுமாக 24.8 கோடிப் பேர். நூறுக்கு 17, 18 என்று ஏறக்குறைய அதே விகிதம். ஆனால் அவர்களில் அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். உதவி பெறும் பள்ளிகளைச் சேர்த்தாலும் நூறு பேர் ஊரில் 11 பேர் தேறுவார்கள். மற்றவர்களின் செலவு பெற்றோர் தலையில்.

ஆக இந்தியாவின் 4 சதவீதம் 11 பேருக்குப் பங்காகிறது, இலங்கையின் 2 சதவீதம் 18 பேருக்கு. இது முரட்டுக் கணக்கு. பல்கலைக்கழகச் செலவும் இரண்டிலும் கலந்திருக்கிறது. இருந்தாலும், இந்தியாவின் சின்ன எண்ணான 2.9-ஐ எடுத்தால்கூட, நாட்டின் தலா வருமானத்தை அளவுகோலாக வைத்துப் பார்க்கையில் அரசின் பொறுப்பில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்திய அரசுகள் செலவிடுவது இலங்கையைவிட இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. ஜிடிபி சதவீதத்தில் தெரிந்ததைவிட இடைவெளி குறையவில்லை, அகலமாகிறது. எனக்கே இது எதிர்பாராத விடைதான்.

அந்தப் பணம் எங்கே போகிறது? பள்ளிச் செலவில் பெரும் பங்கு சம்பளம். தமிழ்நாட்டில் அரசு மேல்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேரும் முதுகலைப் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,900 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எதுவும் சேர்க்காமல் வருடத்துக்கு 4,42,800. நாட்டின் தலா வருமானம் 2024-25-ல் 2 லட்சத்தைச் சற்றே தாண்டியது. அதாவது வேலைக்குச் சேர்ந்த அன்றே இரண்டு மடங்குக்கு மேல். அந்தச் சம்பளம் அதிகம் என்று சொல்ல வரவில்லை. நல்ல ஆசிரியர் நிலைத்து நிற்க அது வேண்டும். ஆனால் அரசே அந்தச் சம்பளத்துக்கு அஞ்சி இடங்களைக் காலியாக விடுகிறது என்பதும் கண்கூடு. 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது முதுகலை ஆசிரியருக்கு முதலில் அறிவித்த தொகுப்பூதியம் மாதம் 12,000. ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே பிளஸ் டூ இயற்பியல், இரண்டு சம்பளம். பிறகு அந்தத் தொகை கூட்டப்பட்டது, இடைவெளி மூடவில்லை.

இலங்கையில் நிலைமை தலைகீழ். அங்கே ஆசிரியர் பஞ்சம் ஒட்டுமொத்தமாக இல்லை; சுமார் 2.4 லட்சம் ஆசிரியர்கள், 17 பிள்ளைகளுக்கு ஒருவர். குறைவது சம்பளம். 2021 ஜூலையில் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழி வகுப்புகளைப் புறக்கணித்து மாதக்கணக்கில் போராடினார்கள். தலைமையாசிரியரை அங்கே அதிபர் என்பார்கள். கோஷம்: 24 ஆண்டுச் சம்பள முரண்பாட்டைத் தீர். வடக்கிலும் கிழக்கிலும் 'தொண்டர் ஆசிரியர்' என்று ஒரு கூட்டமே உண்டு. போர்க்காலத்தில் ஆளில்லாத பள்ளிகளில் சொற்பத்துக்கும் சும்மாவும் பாடம் நடத்தியவர்கள், நிரந்தர நியமனம் கேட்டு வருடக்கணக்கில் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலக, வாசலில் உட்கார்ந்தார்கள். 2 சதவீதத்தில் ஒரு நாடு 13-ம் வகுப்பு வரை பள்ளி நடத்துகிறது என்றால், மீதியை யாரோ கொடுத்திருக்கிறார்கள். அதில் முதல் ஆள் ஆசிரியர்.

ஆனாலும் அந்த 2 சதவீதம் கடைசி வகுப்பு வரை பிள்ளையைக் கொண்டுபோவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சர். அவர் தலைமையிலான குழு 1943-ல் அறிக்கை கொடுத்தது. 1945 அக்டோபரில் மழலை வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே. 1960, 61-ல் மதச் சபைகள் நடத்திய உதவி பெறும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. 1980-ல் இலவசப் பாடநூல், 1993-ல் இலவசச் சீருடை. 2016-ல் கட்டாயக் கல்வி வயதை 14-லிருந்து 16 ஆக்கினார்கள். அந்தப் பதினாறு ஓ.எல். பரீட்சை வயது. சட்டம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பரீட்சை மண்டப வாசல்வரை வருகிறது.

சென்னை மாகாணமும் பின்தங்கி நிற்கவில்லை. காமராஜர் ஆட்சியில் 1960-களின் தொடக்கத்திலேயே எஸ்.எஸ்.எல்.சி. வரை, அதாவது அன்றைய பதினொன்றாம் வகுப்பு வரை, கட்டணமில்லாக் கல்வி விரிந்தது. வேறுபட்டது அடுத்த அடி. இலங்கை பள்ளிகளைக் கையகப்படுத்தியது, இங்கே அரசு மானியம் கொடுத்துச் சபைகளிடமே விட்டது, அதன்மேல் சுயநிதி மெட்ரிக் பள்ளிகள் முளைத்தன. பிறகு 2009-ல் நாடு முழுமைக்கும் கல்வி உரிமைச் சட்டம் இயற்றியபோது அது 6 முதல் 14 வயது, எட்டாம் வகுப்போடு நின்றது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இருப்பது சட்டம் இல்லை, திட்டம்: 2009-ல் மத்திய அரசின் இடைநிலைக் கல்வித் திட்டமான ஆர்.எம்.எஸ்.ஏ., 2018-ல் அதையும் விழுங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா.

சட்டத்துக்கும் திட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதைத் தமிழ்நாடு 2024-25-ல் நன்றாகப் பார்த்தது. சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசு 60, மாநிலம் 40. அந்த ஆண்டுக்கு மத்திய பங்கு 2,152 கோடி. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று அது நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. பள்ளிக்கல்வித் துறையின் 44,042 கோடியில் இது இருபதில் ஒரு பங்கு. 'கல்விக்கு யார் பணம் தருகிறார்கள்' என்று டெல்லியிலும் சென்னையிலும் மேடை போட்டுப் பேசினார்கள். பட்ஜெட் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் பதில் நேரானது: இருபதில் பத்தொன்பது பங்கு மாநிலத்தின் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. 1976-ல் 42-வது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது, பில்லைக் கொண்டுபோகவில்லை.

வகுப்பு ஏற ஏற என்ன ஆகிறது என்பதற்கு இரண்டே எண்கள் போதும். 2021-22 யுடைஸ்படி நாடு முழுக்க 9, 10-ம் வகுப்பில் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது அந்த வயதினர் நூறு பேருக்கு வகுப்பில் இருப்பவர்கள், 79.6; 11, 12-ல் 57.6. கல்வி உரிமைச் சட்டம் முடியும் இடத்துக்குப் பிறகுதான் படிக்கட்டு இவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது.

இலங்கையைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ள 2022 விடாது. 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள். 2021, 22-ல் அரசின் மொத்த வருவாயே ஜிடிபியில் 8 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. கல்வி 2 சதவீதம் என்பது அந்த எட்டில் இரண்டு என்று பார்த்தால்தான் அந்த அரசின் நெருக்கடி புரியும். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். காரணம், வினாத்தாள் அச்சிடக் காகிதம் இல்லை. காகிதம் இறக்குமதி, டாலர் இல்லை. ஜூனில் எரிபொருள் இல்லாமல் பள்ளியே மூடியது.

இதையெல்லாம் ஒரு மாலை அக்காவிடம் சொன்னேன். காகிதக் கதையை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். தங்கச்சியின் மகன் அந்த வருடம் பரீட்சை எழுத வேண்டியவன். மற்றதைக் கேட்டுவிட்டு, "பள்ளிக்கூடத்துக்குக் கட்டேல்ல எண்டுதான் சொன்னனான். ரியூட்டரிக்குக் கட்டேல்ல எண்டு சொல்லேல்லையே" என்றார். ரியூட்டரி என்றால் நம் டியூஷன் சென்டர். ஏ.எல். கணிதப் பிரிவில் எல்லாப் பாடத்துக்கும் ரியூட்டரி. அப்பா வெங்காயத் தோட்டத்து வருமானத்தில் கட்டினாராம். உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறவர்களில் நாலு பேருக்கு ஒருவருக்குத்தான் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் என்னும்போது கட்டாமல் என்ன செய்வது. அரசுச் செலவுப் பட்டியலில் இந்த ரியூட்டரிக் காசுக்கு இடமே இல்லை.

நம் பக்கம் இதற்கு ஓர் எண் இருக்கிறது. 2025-ல் தேசிய மாதிரி ஆய்வின் ஒரு சுற்றாக நடந்த கல்விக் கணக்கெடுப்பில், ஒரு கல்வியாண்டுக்கு ஒரு மாணவருக்காகக் குடும்பம் செலவிடுவது அரசுப் பள்ளி என்றால் சராசரி 2,863 ரூபாய், அரசு சாராத பள்ளி என்றால் 25,002. டியூஷன் போகிறவர்கள் நூறுக்கு 27 பேர். இலங்கைப் பெற்றோர் ரியூட்டரி வாசலில் கட்டுவதை நம் பெற்றோர் பள்ளி வாசலில் ஒரு தடவையும், டியூஷன் வாசலில் இன்னொரு தடவையும் கட்டுகிறார்கள்.

ஆட்டோக்காரரின் மகள் அந்தத் தனியார் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்துவிட்டாள். புத்தகம், பஸ் பாஸ் வந்துவிட்டன. கணக்குக்கு மட்டும் தெருமுனையில் டியூஷன். சான்றிதழ் நகலை ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்து, 9 முதல் 12 அரசுப் பள்ளியில் முடித்த பெண்ணுக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் உண்டு. அந்த ஆயிரமும் 2202-ல் வராது. சமூக நலத் துறைப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.